காற்றாலைக்கு மூன்று பாட்டுத் தூரம்

பெலாருஸ் என்று ஒரு நாடு இருக்கிறது என்பதே எங்கள் கட்டடத்துச் சலவை அறையில்தான் எனக்குத் தெரியவந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாலு மாடிக் கட்டடம். எட்டுக் குடும்பத்துக்கு இரண்டு சலவை இயந்திரம், அதில் ஒன்று எப்போதும் பழுது. ஒரு சனிக்கிழமை காலை என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டில் இருந்த பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், உலர்த்தும் இயந்திரத்தின் மேல் ஒரு வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்ததோடு விட்டிருந்தால் நானும் என்பாட்டுக்கு உடுப்பைத் துவைத்துக்கொண்டு மேலே போயிருப்பேன். அவர் அதை மடித்தார். மடிப்புக் கோடு ஒரு பக்கம் இருக்க, பாண் சுற்றிய தாளை மடிப்பதுபோல் வேறு பக்கமாக மடித்தார். பதினாறு வருடம் யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவன் நான். என்னைத் திட்டினால் பொறுப்பேன், வரைபடத்தைக் கசக்கினால் பொறுக்கமாட்டேன். "கொண்டாங்கோ இஞ்சை!" என்று தமிழிலேயே சத்தம்போட்டுப் பிடுங்கிவிட்டேன்.

அந்த மனுசி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு, தாளை நீவி, முறையாக மடித்துக் கையில் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. நாங்கள் கதைத்தது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. இங்கே அதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

அவர் மொன்றியலில் பிறந்தவர். தேடியது தன் தாயின் ஊரை. தாய்க்கு எண்பது தாண்டிவிட்டது, மகளோடுதான் இருந்தார். பெலாருஸில் ஒரு கிராமத்தில் தாய் தகப்பன் இல்லாமல் சித்தியோடு வளர்ந்தவர். பதினேழு வயதில் ஜெர்மன்காரர் வேலைக்கென்று பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்தபின் அகதி முகாம், பிறகு கப்பல், பிறகு மொன்றியல். ஊரில் விட்டுவந்தது ஒரேயொரு தங்கச்சியை. அப்போது அதற்கு ஏழு வயது. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

"அம்மாவுக்கு இருதயம் பலவீனம். கனகாலம் தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றார் மகள். "அம்மா என்னட்டைக் கேக்கிறது ஒண்டே ஒண்டு. தங்கச்சி இருக்கிறாவோ இல்லையோ, அதை மட்டும் அறிஞ்சு சொல்லு எண்டு."

தாயின் பத்திரங்களில் இருந்த ஊருக்கு, அதன் ஊராட்சி மன்றத்துக்கு, மூன்று கடிதம் எழுதியிருந்தார். மூன்றுக்கும் ஒரே பதில்தான்: அப்படி ஒரு குடும்பம் இங்கே இருந்ததே இல்லை.

"ஒரே பேரிலை ரெண்டு மூண்டு ஊர் இருக்கும். நீங்கள் பிழையான ஊருக்கு எழுதியிருப்பியள்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? என் வாய் சும்மா இருக்காதே. "நான் கண்டுபிடிச்சுத் தாறன், யோசியாதேங்கோ" என்று வாக்கும் கொடுத்துவிட்டு, துவைக்காத உடுப்போடு மேலே வந்தேன்.

"உங்களுக்கு வேறை வேலை இல்லையே?" என்றார் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் என் வேலையே அதுதானே! நான் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில், வரைபடப் பகுதியில் இருந்தேன். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. மாணவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் போட்டுவிட்டுப் போகும் தாள்களைப் பொறுக்கி, அந்தந்த இழுப்பறையில் திரும்ப வைப்பது. நான் ஒரு காலத்தில் வரைபடம் வரைந்தவன் என்று அங்கே யாருக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, பழைய ரஷ்யப் பேரரசின் இழுப்பறையைத் திறந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, என்ன வேலைப்பாடு! ஒவ்வொரு கிராமத்தின் பெயருக்குக் கீழேயும் எத்தனை வீடு என்று குறித்திருந்தார்கள். காற்றாலைக்கு ஒரு குறி, மரச்சிலுவைக்கு ஒரு குறி, சாராயக் கடைக்குக்கூட ஒரு குறி. ரஷ்ய எழுத்தைப் படிக்க எனக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள் எடுத்தது. எழுத்து வரைவதே தொழிலாக இருந்தவனுக்கு அது பெரிய காரியம் இல்லை. கீழ்வீட்டு மகளும் சின்ன வயதில் தேவாலயப் பள்ளியில் படித்ததை வைத்து உதவினார்.

எழுத்துப் பிடிபட்ட முதல் கிழமையிலேயே ஊரைப் பிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதித்தேன். தாளின் ஓரத்தில் இருந்த பாகைகளைக் குறித்துக்கொண்டுபோய் உலக வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், தாயின் ஊர் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் கடலுக்குள் கிடக்கிறது! தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். பிறகுதான் விளங்கியது. உலகம் கிரீனிச்சிலிருந்து பாகை எண்ணினால், அந்தக் காலத்து ரஷ்யர்கள் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் இருந்த தங்கள் வான் ஆய்வுக்கூடத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். பதினாறு வருட அனுபவம் கப்பலேறிப் போனது. கந்தோரில் என் பழைய மேலதிகாரி பார்த்திருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பார்.

கணக்கைத் திருத்தியபின், பத்திரத்தில் இருந்த பெயரில் மூன்று ஊர் அகப்பட்டது. ஒன்று ரயில் நிலையத்தோடு கூடிய சின்னப் பட்டணம். மற்ற இரண்டும் கிராமம். மகள் கடிதம் போட்டது பட்டணத்துக்கு. ஆகவே சரியான ஊர் மற்ற இரண்டில் ஒன்று என்று முடிவுகட்டினேன். எது என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருந்தது. தாயிடம் கேட்டு, அவர் நினைவில் இருக்கும் ஊரை நான் வரையவேண்டும். வரைந்ததை இரண்டின் மேலும் வைத்துப் பார்க்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கீழ்வீட்டுக் குசினி மேசையில், அடியில் இருப்பதைக் காட்டும் ஊடுதாளை விரித்தேன். கறுத்த பாணும் எலுமிச்சை போட்ட தேநீரும் வந்தது. தாய் சின்ன உருவம், தலையில் பூப்போட்ட துண்டு. இருதயம்தான் பலவீனம், வாய் இல்லை.

"காலமை எழும்பிக் கதவைத் திறந்தால் வெயில் எங்கை படும்?" என்று கேட்டேன். மகள் மொழிபெயர்த்தார்.

தாய் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

அப்படியென்றால் வாசல் தெற்குப் பார்த்தது. வடக்கைக் குறித்துக்கொண்டேன். "வீட்டுக்கு முன்னாலை தண்ணி ஓடுமே?" "ஓடும். சின்ன ஆறு." "எந்தப் பக்கம் ஓடும்?" "இலையைப் போட்டால் காற்றாலைப் பக்கம் போகும்." "காற்றாலை எவ்வளவு தூரம்?"

"மூண்டு பாட்டு" என்றார் தாய்.

நான் மகளைப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தார். ரை என்கிற தானியத்தைத் தோளில் சுமந்துகொண்டு பெண்பிள்ளைகள் பாடிக்கொண்டே போவார்களாம். மூன்றாவது பாட்டு முடியும்போது காற்றாலை வந்துவிடுமாம். கட்டை, மைல், கிலோமீற்றர், சங்கிலி எல்லாவற்றிலும் அளந்தவன் நான். பாட்டில் அளந்ததில்லை.

"அப்ப பாடுங்கோ" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

பாடினார். இருந்த இடத்திலேயே காலால் நடைக்குத் தாளம் போட்டுக்கொண்டு, மூன்று பாட்டையும் ஒரு அடி விடாமல் பாடினார். பதினேழு நிமிடம். மூட்டையோடு நடக்கிற பெண்பிள்ளையின் நடையைக் கணக்கிட்டால் ஒரு வெர்ஸ்டும் கொஞ்சமும் வந்தது. வெர்ஸ்ட் என்பது ரஷ்யர்களின் பழைய அளவு, ஒரு கிலோமீற்றரைவிடச் சற்றுக் கூட. கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மகள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

"என்ரை வயசுக்கு அம்மா பாடி நான் கேட்டதில்லை" என்றார். நான் குனிந்து பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

கடைசியாக, ஊர்ப் பாதை பெரிய தெருவில் ஏறுகிற இடத்தைக் கேட்டேன். அந்தச் சந்தியில் ஒரு மரச்சிலுவை நின்றதாம். அதைச் சொன்னதும் தாயின் குரல் இறங்கிவிட்டது.

"பேர் பதியவேணும், ஸ்ரேசனுக்கு வா எண்டு சொன்னவங்கள். நான் போகேக்கை தங்கச்சியும் பின்னாலை வந்தாள். கையிலை ஆடு. சிலுவையடியிலை நிப்பாட்டி, 'இதிலை நில், கயித்தை விட்டிடாதை, நான் இப்ப வந்திடுவன்' எண்டு சொன்னனான். அங்கை போனவுடனை ரெயிலிலை ஏத்திப்போட்டாங்கள்."

பிறகு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அவள் எவ்வளவு நேரம் நிண்டிருப்பாள், முசியே?"

நான் எதை அளந்து சொல்ல? சிலுவைக் குறிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஆட்டை வரைந்தேன். அந்தத் தாளிலேயே அளவுத்திட்டத்துக்கு அடங்காத பொருள் அது ஒன்றுதான். தாய் அதை விரலால் தொட்டுப் பார்த்து, கொம்பு இல்லை என்றார். கொம்பை அழித்தேன்.

மறுநாள் ஊடுதாளை இரண்டு கிராமத்தின் மேலும் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. திருப்பி வைத்தேன், சாய்த்து வைத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். ஒன்றில் ஆறே இல்லை. மற்றதில் ஆறு தலைகீழாக ஓடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டில் சோறு குழைந்தாலும் சண்டை, பஸ் பிந்தினாலும் சண்டை. "வெள்ளைக்காரியின்ரை ஊரைக் காணேல்லை எண்டு என்னோடை ஏன் எரிஞ்சு விழுறியள்?" என்று மனைவி கேட்டார். சலவை அறையில் மகளைக் கண்டால் ஒளிந்து திரிந்தேன். அந்தக் கிழமை தாயை இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பிறகு ஒருநாள் நானும் மனைவியும் தமிழ்க் கடையில் கருவேப்பிலை வாங்க நின்றோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற சென்னைப் பெடியன், படிக்க வந்தவன் போல, மரியாதையாகத் திரும்பிக் கேட்டான். "அண்ணா, நீங்க எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம்" என்றேன்.

வெளியே வந்ததும் மனைவி தொடங்கிவிட்டார். "யாழ்ப்பாணமாம்! வாய் கூசாமல் சொல்லுறியள். ரவுணிலை பஸ் ஏறி, இறங்கி, பேந்து எத்தினை கட்டை நடக்கோணும் உங்கட வீட்டுக்கு? கலியாணத்துக்கு வந்த எங்கட ஆக்கள் பனங்காணிக்குள்ளை வழி தெரியாமல் சுத்தினதை மறந்திட்டியளோ?"

"அந்தப் பெடியனுக்கு எங்கட ஊரின்ரை பேரைச் சொன்னால் விளங்குமே? நாலு பேருக்குத் தெரிஞ்ச இடத்தைத்தானே சொல்லோணும்" என்றேன்.

சொல்லி முடித்ததும் கால் நின்றுவிட்டது. பஸ் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினார். கனடாவுக்கு வந்தபோது அதிகாரி கேட்டதற்கும் நான் அப்படித்தான் சொன்னேன். என் குடியுரிமைப் பத்திரத்திலும் பிறந்த இடம் அதுதான். நான் பிறந்தது அங்கே இல்லை. என் சின்ன ஊரின் பேரை அதிகாரிக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

கருவேப்பிலையும் கையுமாக நேரே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். தாய் நாற்காலியில் போர்வைக்குள் இருந்தார்.

"மதாம், உங்கட பத்திரத்திலை இருக்கிற ஊர், அது உங்கட வீடு இருந்த ஊரோ, இல்லாட்டி ரெயில் நிக்கிற ஊரோ?"

மகள் மொழிபெயர்த்தார். தாய் என்னை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரெயில் நிக்கிற ஊர்தான். எங்கட ஊரிலை பதினாலு வீடு. அந்தப் பேரைச் சொன்னால் ஜெர்மன்காரனுக்கு விளங்குமே? கனடாக்காரனுக்கு விளங்குமே?"

"அம்மா!" மகள் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "இவ்வளவு வருசமாய் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கு மட்டும் விளங்குமே?" என்றார் தாய்.

நான் யாரைக் குறை சொல்ல? 'ஸ்ரேசனுக்கு வா எண்டு சொன்னவங்கள்' என்று அந்த மனுசி என் முகத்துக்கு நேரே சொன்னார். தன் ஊரிலேயே நிலையம் இருந்தால் அப்படிச் சொல்லுவாரா? நிலையம் என் தாளுக்கு வெளியே என்று நான்தான் கவனிக்காமல் விட்டேன். உண்மையான பெயரை அன்று சொன்னார். மறுநாள் மத்தியானம் அது ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. பட்டணத்துக்கு வடக்கே, காட்டு ஓரத்தில், பெயருக்குக் கீழே பதினாலு என்ற எண். போலந்துக்காரர் ஆட்சியில் அச்சடித்த ஊர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. அதிலும் அதே ஊர், அதே பதினாலு வீடு, கிட்டிய ரயில் நிலையம் என்ற இடத்தில் அதே பட்டணம். ஊடுதாளை வைத்தேன். ஆறு ஆற்றின் மேல் படுத்தது. பதினேழு நிமிடப் பாட்டு காற்றாலைக் குறியில் போய் நின்றது. சிலுவையும் இருந்தது. நூலகம் என்பதை மறந்து "அடி சக்கை!" என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்தோசம் ஒரு மணித்தியாலம்தான். சோவியத் காலத்து வரைபடத்தை எடுத்தேன். அதே இடத்தில் ஊர் இல்லை. காட்டின் பச்சை நிறம், நடுவில் முன்பு ஊர் இருந்த இடத்துக்குப் போடுகிற இரண்டெழுத்துச் சுருக்கம். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் சண்டைக் காலத்தில் எரித்த ஊர்கள் எத்தனையோ என்று வாசித்திருந்தேன். எரிந்த ஊரைப்பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இழுப்பறையை மூடிவிட்டுக் கழுவுமிடத்தில் போய் முகத்தைக் கழுவினேன்.

தாயிடம் எப்படிச் சொல்வது என்று மகளும் நானும் படிக்கட்டில் நின்று அரை மணித்தியாலம் குசுகுசுத்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன். தாய் அழவில்லை. கையை ஒரு வீசு வீசினார்.

"ஊர் கிடக்கட்டும். பதினாலு வீடு, சேறு, நுளம்புக்கடி. அதை ஆர் தேடினது? அவள் எங்கை?"

அந்தக் காட்டை இப்போது எந்த ஊராட்சி மன்றம் பார்க்கிறதோ அதற்குப் புதுக் கடிதம் எழுதினோம். வரைபடத்தின் பிரதியையும் வைத்தோம். ஆறு, காற்றாலை, வீடு, சிலுவை எல்லாம் இருந்தது. ஆட்டை மட்டும் நான் அழித்துவிட்டேன்.

"ஏன்?" என்றார் மகள்.

"அந்த ஊரிலை பாதிப்பேருக்கு ஒரே குடும்பப் பேர் எண்டு உங்கட அம்மாவே சொன்னவ. தங்கச்சியின்ரை பேரும் ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர். ஆரோ ஒரு பாவம் தன்ரை அக்கா எண்டு நினைச்சு எழுதினால் என்ன செய்வியள்? படம் வரைஞ்சு முடிஞ்சால் சரிபாக்கிறதுக்கு ஒரு புள்ளியைத் தனியாய் வைச்சிருக்கோணும். வரையப் பாவிச்ச புள்ளியிலை சரிபாக்கக் கூடாது."

"நீங்கள் கல்நெஞ்சுக்காரன்" என்றார் மகள். இருக்கட்டும். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பனி கொட்டியது, உறைந்தது, அழுக்காகி மறுபடி கொட்டியது. தாய் ஒருநாள் நல்லாக இருப்பார், ஒருநாள் எழும்பமாட்டார். தபால்பெட்டியை மகள் ஒருதரம் பார்ப்பார், அரை மணித்தியாலத்தில் நான் ஒருதரம் பார்ப்பேன். கடைசியில் பங்குனி மாதம் வந்தது பதில். அந்த ஊர் எரிந்தது உண்மை. காட்டுக்குள் ஓடித் தப்பியவர்கள் சிலர். அவர்களில் ஒரு பெண் எழுபது தாண்டி, பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். அக்கா ஒருத்தி இருந்தாள் என்கிறார். வீட்டில் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மன்றத்துக்கு வந்து காத்திருப்பார். எண் இது.

இங்கே காலை ஒன்பது, அங்கே பின்னேரம். நாங்கள் ஊருக்குக் கதைக்கிற தொலைபேசி அட்டை ஒன்றைக் கொண்டுபோனேன். அந்த வித்தையில் எங்களை வெல்ல ஆள் இல்லை. இலக்கங்களை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசை நடுவில் வைத்தேன். "உங்கட பேரைத் தவிர நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. முதல் அவ கதைக்கட்டும்" என்று தாய்க்குச் சொல்லிவைத்திருந்தேன்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். கதிரை இழுபடும் சத்தம். பிறகு ஒரு மூச்சு. தாய் தன் பெயரை மட்டும் சொன்னார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துபோயிற்று என்று நான் கையை நீட்டினேன். அப்போது ஒரு கிழக்குரல், ஆனால் ஒரு குழந்தை கதைப்பதுபோல, படபடவென்று என்னவோ சொன்னது. மகள் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்ன, என்ன சொல்கிறார்?

மகள் விக்கி விக்கிச் சொன்னார். "இருட்டும் மட்டும் நிண்டனான். நீ வரேல்லை. பேந்து ஆட்டை வீட்டை கொண்டுபோய்க் கட்டிட்டன். கோவிக்காதை எண்டு சொல்லுறா."

தாய் இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்திருந்தார். கண்ணீர் தாடையால் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் பெரிய அக்காவின் அதட்டல் குரல். இரண்டே சொல் கேட்டார்.

"பால் கறந்தியே?"

"கறந்தனான்" என்றது அந்தப் பக்கம்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். மகளால் மொழிபெயர்க்க முடியவில்லை, நானும் கேட்கவில்லை. நடுவில் ஒரு பெண்குரல் குறுக்கிட்டு, அட்டையில் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. எனக்கு வந்ததே கோபம்! கோட்டுப் போடவில்லை, தொப்பி இல்லை. வீட்டுச் செருப்போடு, சறுக்கும் பனியில், மூலையில் இருந்த தெப்பனர் பெட்டிக்கடைக்கு ஓடினேன், இன்னொரு அட்டை வாங்க.